கேள்விக்குறி

அணையில் எத்தனை மதகு திறந்தார்கள் என்பதில்
இரண்டு சேனல்களுக்குள் சண்டை நடந்த அன்று
காவேரிப்பட்டணம் பாலத்தில் நின்று
அவனைப் படம் எடுத்தேன்.

கரையோரக் கிரானைட் பட்டறைகளின்
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக
உருவிக்கொண்டிருந்தது தென்பெண்ணை.
கல்லுக்கு மெருகேற்றும் ஒடிசாக்காரர்கள்
இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார்கள்.
அவன் தோளில் கம்பளி, கம்பளிக்குள் குழந்தை,
வெளியே தெரிந்தது ஒரு கால், ஒற்றைக் கொலுசு.

நான்கடி தள்ளி அவள் வந்தாள்,
கழன்ற இன்னொன்றைப் பல்லில் கடித்தபடி,
இரண்டு கையிலும் பாத்திரம்.
செல்போனுக்கு நெடுக்குப் படம்தான் தோது.
அவளை வெட்டினேன்.

‘ஆற்றங்கரையில் மர்ம நபர்கள் நடமாட்டமா?’
கேள்வியாகக் கேட்டால் வழக்கு வராது,
தொழில் சொல்லித்தந்தவர் சொன்னது.

சாயங்காலத்துக்குள் கேள்விக்குறி உதிர்ந்திருந்தது.
படத்துக்குக் குரல் முளைத்திருந்தது:
‘அக்கா தங்கச்சிங்களா, கதவச் சாத்துங்க’
என்று யாரோ ஒருத்தி அழுதாள்.
போச்சம்பள்ளியில் மூன்று பிள்ளைகளாம், மத்தூரில் ஐந்தாம்.
மத்தூரிலேயே இருக்கும் என் சின்ன மாமனார்
அதை எனக்கு அனுப்பி, பத்திரம் என்றார்.

கல்யாண மண்டபத்தில் நூற்றுப்பத்துப் பேர்.
மணமகள் அறையில் பாதி, சமையற்கட்டில் பாதி.
கதவுக்கு வெளியிலிருந்து பூட்டு.
அவங்க பாதுகாப்புக்கு என்றார் மேனேஜர் திம்மராயன்.
மாங்கூழ் கம்பெனி ஆட்கள் இரும்புக் குழாயோடு வந்தார்கள்.
‘தமிழ்ல பேசச் சொல்லுடா அவன’
என்று கத்திய முனிகிருஷ்ணன்
வீட்டில் அம்மாவிடம் தெலுங்குதான் பேசுவான்.
நானும்தான்.

ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு கை நீண்டது.
கையில் கொலுசு,
கூடவே நனைந்து இரண்டாகப் பிரிந்த ஆதார் அட்டை.
‘கொழந்தையத் திருடினியா?’
‘கொழந்த, கொழந்த’ என்று தலையாட்டினான்,
நம் சொல் ஒன்று
தனக்கும் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்.

அப்புறம்தான் கல் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல்.
அட்டையிலிருந்த பெயரைச் செய்திக்காகக் குறித்துக்கொண்டேன்:
சனாதன் பெஹரா.
குழந்தையின் பெயரைக் கேட்க விட்டுப்போயிற்று.
‘மண்டபத்தில் பதற்றம்’ என்று அனுப்பினேன்.
அதற்குக் கேள்விக்குறி தேவைப்படவில்லை.

வெட்டாத படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
இடம் போதவில்லை, எதையாவது அழி என்கிறது போன்.
விரல் வைத்துப் பெரிதாக்கினால்
அவள் பல்லிடுக்கில்
கொலுசின் திருகாணிகூடத் தெரிகிறது.