ஏழு லாரி மழை

அந்தப் பாட்டில் பெய்கிற மழையை
ஓட்டிக்கொண்டு வந்தவர் என் வீட்டுக்காரர்.
பன்னிரண்டாயிரம் லிட்டர்,
பின் சக்கரம் ஒன்று வழுக்கை.

சள்ளக்கெரெ தாண்டி
காற்றாலைகள் நிற்கிற மேட்டில் ஷூட்டிங்.
பெங்களூரிலிருந்து வந்தவர்கள்
மழைப் பாட்டுக்கு
மழை பெய்யாத ஊராய்ப் பார்த்துப் பிடித்தார்கள்.
நிஜ மழை வந்து காரியத்தைக் கெடுக்காதாம்.
மேனேஜர் சொல்லிவிட்டுச் சிரித்தான்.
பாலய்யா பீடியை அணைத்தார்.

எங்கள் தெருவுக்கு
ஒன்பது நாளைக்கு ஒரு லாரி.
அன்றைக்கு ஒன்பதாம் நாள்.
என் எவர்சில்வர் குடத்துக்கு முன்னால்
சண்ணவ்வாவின் பச்சைக் குடம்,
அதற்கும் முன்னால் ஒரு செங்கல்,
யாரோ இடம் பிடித்து வைத்தது.
லாரி வந்தது.
தெருமுனையில் வேகம் குறைந்தது.
அவர் என்னைப் பார்த்தார்.
பார்த்தபடியே மேட்டுப் பக்கம் திருப்பினார்.

மூன்று மடங்கு வாடகை.
மகளுக்கு ஹாஸ்டல் கட்டணம் கட்டும் மாதம்.
எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியுமா?
சண்ணவ்வா குடத்தை எட்டி உதைத்தாள்.
அவள் குடத்தை அல்ல.

என்ன செய்வது,
எல்லாரும் காலிக் குடத்தோடு
வேடிக்கை பார்க்கப் போனோம்.
கிரேன் உச்சியில் குழாய்.
கீழே மஞ்சள் சேலையில் ஒரு பெண்,
அவளைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன்.
ஸ்பீக்கரில் ஒரே வரி
ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்:
நீ நடந்த திசையெல்லாம் ஈரம்.
திசையெல்லாம் புழுதி.
அவர்கள் நின்ற நாலடியில் மட்டும் சேறு,
அதைக் குடிக்க வந்த ஆடுகளை
விரட்டுவதற்கு ஓர் ஆள்.

பதினோராவது தடவை
அவளுக்கு நடுக்கம் கண்டது.
நாற்பது டிகிரி வெயிலில்
பல் தந்தியடிக்க ஒருத்தி!
சண்ணவ்வா தோளில் கிடந்த கம்பளியை உருவி
யாரையும் கேட்காமல்
போய்ப் போர்த்திவிட்டாள்.
ஆட்டு வாடை அடிக்கிற கம்பளி.
அந்தப் பெண் அதை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

பதினான்காவது தடவை ஓகே என்றார்கள்.
கட் என்றார்கள்.
மழை நிற்கவில்லை.
"வால்வு மாட்டிக்கிச்சு" என்று
லாரி மேலிருந்து கத்தினார் பாலய்யா.
பத்து வருஷமாய் அந்த வால்வை எனக்குத் தெரியும்.
மாட்டுகிற வால்வு இல்லை அது.

நாங்கள் ஓடினோம்.
காதலர்களுக்குப் பின்னால்,
லைட்டுகளுக்கு நடுவே,
சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு
குடமும் வாளியும்
பால் கேனும் ஏந்தி ஓடினோம்.
முதல் குடம் எனக்கு நிறைந்தது.
அதைச் சண்ணவ்வா இடுப்பில் ஏற்றிவிட்டேன்.
பேசவில்லை அவள்.
அவள் குடம் நிறைந்ததும்
அதை என்னிடம் நீட்டினாள்.

படம் நூறு நாள் ஓடியது.
பாட்டு அதற்கு மேலும் ஓடுகிறது,
கல்யாண பேண்டில், ஆட்டோவில்,
ரேஷன் கடைக்காரன் போனில்.
பாலய்யாவைக் கேட்டால்
"ஜெனரேட்டர் சத்தம்தான் ஞாபகம்" என்பார்.

தியேட்டரில் நான் மூன்று முறை பார்த்தேன்.
கட் சொன்ன பிறகும்
கேமரா ஓடியிருக்கிறது போல.
கடைசி வரியில்
அவன் தோளில் அவள் சாயும்போது
பின்னால், மங்கலாக,
ஒரு வெளிச்சம் பளீரென்று வெட்டும்.
விசில் பறக்கும்.
அந்த மின்னலை எப்படிப் பிடித்தீர்கள் என்று
டி.வி.யில் டைரக்டரைக் கேட்டார்கள்.
அவரும் ஏதோ விளக்கினார்,
லென்ஸ், பொறுமை, கடவுள் என்று.

நான் அடுப்படியில் இருந்தேன்.
மின்னல் மேடைமேல் இருந்தது,
ஒரு பக்கம் நெளிந்து,
அரைக் குடம் தண்ணீரோடு.