எழுத்துக்கு இரண்டு வெள்ளி

பாடாங் செராய் கடைத்தெரு.
புத்த விகாரைக்காரர் கொடுத்த படியைப் பார்த்துப்
பழைய பிராகிருதத்தைப் பளிங்கில் கொத்துகிறேன்.
அர்த்தம் தனித்தாளில்:
தளபதி மனைவி, தளபதி மகள்,
இன்னொரு தளபதிக்குத் தாய்.
மூன்றாம் வரியில்தான் அவள் வருகிறாள்,
வம்மசிரி.
தானம், ஒரு தூண்.

செம்பனைக்காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும்
அங்கம்மா வந்தாள்,
கோயில் குழாயடிக்கு ஒரு கல் வேண்டுமாம்.
அப்பன், புருஷன், மகன்
எல்லார் பேரும் சீட்டில் இருந்தது.
எழுத்துக்கு இரண்டு வெள்ளி என்றேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினாள்.
மகனை அடித்தாள்.
அப்பனை அடித்தாள்.
புருஷன்மேல் பென்சில் கொஞ்சம் நின்றது.

மிச்சம்:
அங்கம்மா உபயம்.

ஒன்பது எழுத்து என்றேன்.
“புள்ளி வச்சதுக்குமா காசு?”

ஆறுக்குத்தான் வாங்கினேன்.