விபத்து நடந்த விதம்

தீர்த்தகிரி பாலிசித் தாளை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான்.
பெயர்: வேதநாயகி.
பிறந்த தேதிக்கும் ஒரு கட்டம் உண்டு,
அதற்குக் காசு கிடையாது மேடம் என்கிறான்.
எழுபத்திரண்டோ இருபத்திரண்டோ
கம்பெனிக்கு எல்லாம் ஒன்றுதானாம்.
வயசாவது காருக்குத்தான்.

சாண்ட்ரோவின் மதிப்பு
போன வருஷம் எண்பதாயிரம்,
இந்த வருஷம் எழுபத்திரண்டு.
ஏற்காட்டு வளைவில்
ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும்
கண்ணாடி உரச ஒதுங்கி நிற்குமே
அப்படி, ஒரே எண்ணில்
நாங்கள் சந்தித்துக்கொண்டோம்.
பிரீமியம் மட்டும்
ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி.

செவ்வாய்க்கிழமை, நாலே முக்கால்.
கருப்பூர், காலேஜ் கேட்டுக்கு எதிர்ப்புறம்.
வலது பக்கம் திரும்ப
இண்டிகேட்டர் போட்டு நின்றுகொண்டிருந்தேன்.
மறுபடி சொல்கிறேன்,
நின்றுகொண்டிருந்தேன்.
சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் வந்தது பைக்,
மூன்று பேர், மூன்று பை, ஒரு டிராஃப்டர்.
யாருக்கும் அடியில்லை.
பம்பர் மட்டும் ஒரு பக்கம் வாய் பிளந்தது.

டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்கள்
பம்பரைப் பார்க்கவில்லை.
பைக் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்கவில்லை.
என் தலையைப் பார்த்தார்கள்.
'பாட்டிக்குக் கண்ணு தெரியலண்ணா' என்றான் ஓட்டிய பையன்.
எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.
ஒருவர் சாவிக்குக் கை நீட்டினார்,
வண்டியை ஓரங்கட்டித் தருவாராம்.
கம்பெனி கேட்காத வயதை
ரோடு கேட்டது.

போன மாதம்தான் அஸ்தம்பட்டியில்
லைசென்ஸுக்காகக் கண் பரிசோதனை.
கடைசி வரி வரை படித்தேன்.
அந்தச் சான்றிதழ் டாஷ்போர்டில்தான் இருந்தது.
எடுத்துக் காட்டியிருக்கலாம்.
காட்டவில்லை.

கிளெய்ம் போடாதீங்க, தீர்த்தகிரி கணக்குப் போட்டான்.
பம்பர், பெயின்ட், கூலி: ஐயாயிரத்து எண்ணூறு.
பிளாஸ்டிக்குக் கம்பெனி பாதிதான் தரும்,
முதல் ஆயிரம் உங்கள் தலையில்.
கைக்கு வருவது இரண்டாயிரத்து எழுநூறு.
ஆனால் நோ கிளெய்ம் போனஸ்
ஐம்பது சதவீதம், ஒரேயடியாகப் போய்விடும்.
மறுபடி ஐம்பதைத் தொட ஐந்து வருஷம்.
அதற்குள் போகிற பணம் மூவாயிரத்து இருநூற்றைம்பது.
'ஐநூத்தம்பது ரூவா நஷ்டம் மேடம்.
பேசாம இருந்தா லாபம்.'

பேசாமல் இருந்த லாபம் எனக்குத் தெரியும்.
டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம்
ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்தவள்.
தாரமங்கலத்து ஒன்றரை ஏக்கருக்கு
அண்ணன்மார் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில்
காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன்.
தங்கமான பொண்ணு என்றார்கள்.
அதுவும் ஒரு போனஸ்.

ஃபாரத்தைக் கொண்டு வா என்றேன்.
'நஷ்டம்னு சொன்னேனே மேடம்?'
காதில் விழுந்தது தம்பி.

விபத்து நடந்த விதம் என்று ஒரு தலைப்பு,
அதன் கீழே நாலு கோடு.
முதல் கோட்டில் எழுதினேன்: வண்டி நின்றுகொண்டிருந்தது.
இரண்டாவதில்: எதிர் வாகனம் ராங் சைடில் வந்தது.
மூன்றாவதில் மணி, வெளிச்சம், இண்டிகேட்டர்.
நாலாவது போதவில்லை,
மார்ஜினில் ஏறி
தாளைத் திருப்பி
பின்பக்கமும் போனேன்.
கண்ணைப் பற்றி அங்கே ஒரு வாக்கியம் இருக்கிறது.
யாரும் படிக்கப் போவதில்லை என்பதற்கும் சேர்த்துத்தான்
அந்த ஐநூற்றைம்பது.

வியாழக்கிழமை சர்வேயர் வந்தார்.
வீட்டு வாசலில், வெயிலில்,
பம்பரை நாலு கோணத்தில் படம் எடுத்தார்.
'கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா, வண்டி மட்டும் போதும்.'
தள்ளித்தான் நின்றேன்.
பானெட் மேல் வைத்திருந்த கையை மட்டும்
எடுக்க மறந்துபோனேன்.
நாலில் மூன்று படத்தில்
விழுந்திருக்கும்.