அறுபத்து மூன்று மில்லிகிராம்

சுன்னாகத்துப் பழைய இரும்புக் கடையில்
எரிந்த தண்ணிப் பம்பொன்றின் வயிற்றிலிருந்து
கிலோக் கணக்கில் பிடுங்கிய செப்புக் கம்பி.
நான் கேட்டது ஒரு முழம்.
கடைக்காரர் சிரித்தார், காசு வாங்கவில்லை.

அமிலத்தில் ஒரு கணம் முக்கி
ரோசா நிறம் வரும்வரை கழுவி
நிறுத்துப் பார்த்தேன், நான்கு தசம தானத்துக்கு.

திருநெல்வேலி, மூன்றாம் மாடி.
குடுவைக்குள் இமிடசோலியம் உப்பு,
வெளியே உப்புக் காற்று.
நடுவில் ஒரு றப்பர் மூடியும்
கொழும்பிலிருந்து வந்த நைதரசன் சிலிண்டரில்
கடைசிக் கால்வாசியும்.

முதல் தரம் பச்சையாகிப் போனது,
பாசி பிடித்த கேணிபோல.
காற்றுக்கு ஓர் ஊசித் துவாரம் போதும்.
கழிவுப் போத்தலில் ஊற்றும்போது எமில்டா
"சீ, பாவம்" என்றா.
ஆருக்கென்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் தரம். பத்து மில்லி அம்பியர்.
அனோட்டில் கம்பி மெலிகிறது, கண்ணுக்குத் தெரியாமல்.
கதோட்டில் குமிழி:
தன் ஒற்றை ஐதரசனைக் கழற்றிவிட்டு
வெறுங்கையோடு நிற்கிறது காபீன்.
அந்தக் கைக்குத் தனிமை தாங்காது.
கரைந்து வரும் செம்பைப் பிடித்தால் ஊக்கி.
ஈரத்தைப் பிடித்தால் ஒன்றுமில்லை.

வெள்ளி ஒட்சைட்டு வாங்கித் தரத்
திணைக்களத்தில் காசில்லை.
இலத்திரன் மட்டும்தான் கேட்காமலே வருகிறது
என்று நினைத்த கையோடு
கரண்ட் போனது.

ஒரு மணி பத்து நிமிடம்.
கடிகாரத்தை நிறுத்திவிட்டு
இருட்டில் மூடியைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.
எமில்டா குருநகருக்குத் தொலைபேசியில் கத்துகிறா:
"நாளைக்குப் பறுவமெல்லே, வள்ளம் போகாது.
பற்றறியைக் கொண்டு வாடா!"

ஓட்டோவில் வந்தது. முனைகளில் மீன் செதில்.
தடையைத் திருகித் திருகிப் பத்துக்குக் கொண்டுவந்தோம்.
திரும்பவும் குமிழி.

கரண்ட் வந்தபோது பதினொன்றரை.
தராசு கண் விழித்தது.
கணக்குப்படி கம்பியில்
அறுபத்து மூன்று மில்லிகிராம் குறைய வேண்டும்.
குறைந்தது அறுபத்தொன்று.

இந்த ஊரில் குறைந்ததை
இவ்வளவு கிட்டவாய் எண்ணி
நான் கண்டதில்லை.
மற்ற இரண்டுக்குரிய மின்சாரம் எங்கே போனது?
"தெரியாது" என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
அதற்கும் ஒரு நிரல் இருக்கிறது.

மிச்ச நைதரசனை ஊதிக் கரைப்பானை ஓட்ட
அடியில் வெள்ளைப் படிகம்.
கல்லுப்பைப் போலத்தான், நக்கிப் பார்க்க ஏலாது.

"இதாலை என்ன செய்யலாம், மிஸ்?"
"இரண்டு மூலக்கூறைச் சேர்த்து வைக்கும்.
சேர்த்துப்போட்டு, தான் சேராமல் வெளியே வரும்."
"அப்ப கலியாணப் புறோக்கர்."
"காசு வாங்காத புறோக்கர்."
"அப்பிடி ஒருத்தரும் இல்லை, மிஸ்."

பற்றறியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மூன்று மாடி இறங்கினோம்.
நிலவு முழுசாக
ஒரு நாள் குறைவாயிருந்தது.