இருபத்து மூன்றாம் தேதிக்குள் உண்ணவும்

எதிர்ச்சாரி பெட்ரோல் பங்கில்
ஒன்பது டாலர் நாற்பத்தொன்பது.
முக்கோணப் பெட்டி. மூடியில் தொப்பி போட்ட ஒரு மான்.
கிறிஸ்மஸ் சாண்ட்விச்சாம்.
தினமும் முட்டை சாண்ட்விச் எடுக்கிற கை
இன்று ஏனோ பக்கத்துத் தட்டுக்குப் போனது.

வின்னிபெக்கில் இன்று மைனஸ் இருபத்தேழு.
சாலையைக் கடப்பதற்குள்
ரொட்டியின் ஓரம் விறைத்துவிட்டது,
என் மூக்கும்.

நாங்கள் பல் செய்கிறவர்கள்.
டிசம்பர் எங்களுக்கு அறுவடை.
எல்லோருக்கும் இருபத்து நாலுக்குள் பல் வேண்டும்,
ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு வான்கோழியை
பிள்ளைகள் முன்னால் மென்று காட்ட வேண்டும்.
இந்த வாரம் மட்டும் பதினாலு மேல்வரிசை, ஒன்பது கீழ்வரிசை.
ஏ மூன்று நிறம் என்றால் காபி குடிக்கிறவர்.
பி ஒன்று என்றால் இன்னும் ஆசை விடாதவர்.
முகம் தெரியாது எனக்கு. கடி தெரியும்.

பதினோரு வருஷம்
இத்தனை வாய்களை அந்த மேசைக்கு அனுப்பிவிட்டு
நான் ஒருமுறையும் போனதில்லை.
குறையாகச் சொல்லவில்லை.
அன்றைக்கு எங்கள் கட்டிடத்தில் லாண்டரி அறை காலி,
ஆறு மெஷினும் எனக்கே.

பெட்டியைக் கிழித்தேன்.
ஒரு வீட்டுப் பண்டிகையை
இரண்டு துண்டு ரொட்டிக்குள் அமுக்கினால்
இருநூற்றுப் பத்து கிராம்தான் வருகிறது.
முதலில் கிரான்பெர்ரி,
ஜாம் என்று சொல்லவும் முடியாமல் ஊறுகாய் என்று சொல்லவும் முடியாமல்.
பிறகு வான்கோழி,
வாயில் இருந்த ஈரத்தையெல்லாம் கடன் வாங்கிக்கொண்டு
திருப்பித் தரவே இல்லை.
அதற்கும் கீழே நனைந்த ரொட்டித்தூள்.
ரொட்டிக்குள் ரொட்டியை வைப்பது யாருடைய யோசனையோ.
நடுவில் ஒரு இலை வாசம், மருந்துக்கடைக்குள் நுழைந்த மாதிரி.

நன்றாக இருக்கிறதா?
தெரியவில்லை.
அச்சு வராமல் நான் ஒரு பல்லையும் தொட மாட்டேன்.
நகல் மட்டும் கையில் இருந்தால்
எதனோடு வைத்துப் பார்ப்பது?

எதிர் பெஞ்சில் டார்லீன் தீஸன் சூப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.
பீங்கான் பிரிவு. ஸ்டைன்பாக்கில் பிறந்தவள்,
ஐம்பத்தெட்டு கிறிஸ்மஸ் சாப்பிட்டவள்.
பாதியை நீட்டினேன்.
அப்படியேதான் இருக்கிறதா, பார்த்துச் சொல்.

கண்ணை மூடவில்லை, உருகவில்லை.
சில்லறை எண்ணுகிறவள் போல மென்றாள்.
செலரி ஜாஸ்தி என்றாள்.
சாஸ் டப்பாவில் வந்தது.
கறி, அட்டை.
கொஞ்சம் நிறுத்தி,
அப்படியேதான், எங்கம்மா கை.
அவளுக்குச் சமைக்கவே வராது.

இருவரும் சிரித்ததில் சூப் சிந்தியது.
துடைத்துக்கொண்டே சொன்னாள்:
செவ்வாய்க்கிழமை நீ முடித்தாயே, ஏ மூன்றரை, மேல்வரிசை,
அது அவளுக்குத்தான்.
முதியோர் இல்லத்தில் எல்லாவற்றையும் கூழாக்கித்தான் தருவார்கள்.
கடிக்க ஒன்றும் இருக்காது.
பல் போட்டோவுக்கு.

ஞாபகம் வந்தது. சீட்டில் எழுதியிருந்தது:
இடது கோரைப்பல் சற்றே உள்ளே திரும்பியிருக்கட்டும்.
வயசான காலத்தில் கோணலைக் காசு கொடுத்து வாங்குவது யார் என்று
முணுமுணுத்துக்கொண்டே
மூன்று முறை மெழுகை உருக்கித் திருப்பி வைத்தேன்.

டார்லீன் மறுபடி கடித்தாள்.
உதடு விலகியது.
இடது பக்கம், சற்றே உள்ளே,
அச்சு அசல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் பங்கையும் அவள் பக்கம் தள்ளினேன்.
மானின் தலை வரைக்கும் பெட்டியில் சிவப்பு சாஸ்.
ஒரு மணிக்கு கூரியர்காரன் மணி அடித்தான்,
இன்னும் நாலு வாய்.
நாலுமே அவசரம்.