நான்கு நட்சத்திரக் காரம்

அடுப்புக் கம்பி கருகிப்போன வியாழன்.
சம்பளம் வெள்ளிக்கிழமைதான்.
உறைக்குள் இருபத்தாறு டாலர்,
அதன் முதுகில் ஐனோவின் கணக்கு:
பெட்ரோல், பால், மறுபடி பெட்ரோல்.

வரிக்கணக்குக் கடை இருந்த இடத்தில்
தாய்லாந்துச் சாப்பாடு வந்திருக்கிறது,
கையைக் கடிக்காத விலைதான் என்று
சொல்லிவிட்டுப் போனாள் தபால்காரி.
டுலூத் நகரத்தில் எங்கள் தெருவுக்குப்
புதிதாக ஏதாவது வந்து
பதினோரு வருஷம்.
அதுவும் ஒரு விளக்குக் கம்பம்.

போனோம்.
பழைய பெயர்ப்பலகையைப் பிடுங்கிய
ஆணித்துளைகள் இன்னும் மேலே.
உள்ளே அதே சாம்பல்நிற நாற்காலிகள்.
போன ஏப்ரலில் இதில் ஒன்றில்தான்
அபராதச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
எந்த நாற்காலி என்று தெரியாததால்
எதில் உட்காரவும் தயக்கமாக இருந்தது.

மேஜையில் நான்கு குப்பிகள்.
சர்க்கரை. மிளகாய்த்தூள்.
காடியில் ஊறும் பச்சைமிளகாய் வட்டங்கள்.
நான்காவதைத் திறந்தால்
ஆகஸ்ட் மாதத்துக் கப்பல்துறை.
ஐனோ படக்கென்று மூடினான்.
கொஞ்ச நேரம் கழித்துத்
தானாகவே திறந்து மறுபடி முகர்ந்தான்.

வேறு ஆளில்லை.
கல்லா ஓரம் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்த பையன்
பென்சிலைக் காதில் செருகி எழுந்து வந்தான்.
பத்து வயதிருக்கும். தனவத் என்று
நோட்டு அட்டையில் எழுதியிருந்தது.

“காரம் எத்தனை நட்சத்திரம்?”

ஒன்று, என்றேன்.
ஐனோவின் குடும்பத்தில் மிளகே
வம்புக்கு இழுக்கிற சாமான்.
கிறிஸ்துமஸ் மீனுக்கும் வெள்ளைக் குழம்புதான்,
வெள்ளை உருளைக்கிழங்கு,
வெள்ளைத் தட்டு.
அவன் நிமிர்ந்து, நான்கு, என்றான்.

பையன் ஏற இறங்கப் பார்த்தான்.
“நிச்சயமாகவா?”
“தாதுக் கப்பலில் சரக்கேற்றுகிறவன் நான்”
என்றான் ஐனோ, அது ஒரு பதில் என்பதுபோல.
அக்டோபரிலிருந்து
வாரத்துக்கு இரண்டரை நாள்தான் ஏற்றுகிறான்.
அதை நான் சொல்லவில்லை.

உள்ளே இரும்புச்சட்டி இரைந்தது.
ஒரு பெண்ணின் தும்மல்.
பிறகு எங்கள் தும்மல்.

முதல் வாய்க்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதில் காது சிவந்தது.
மூன்றாவதில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.
வேலைநாளைக் குறைத்த கடிதம் வந்த அன்று
நாலாக மடித்து,
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு,
பனி அள்ளப் போன மனிதன்.
இப்போது கண்ணீர் வழிந்து
தாடிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.
“நல்லா இருக்கு” என்கிறான், குரலே வராமல்.

மிளகாய்க்கு இவ்வளவு நேரம் பிடிக்காது.
கேட்கவில்லை.
என் சோற்றில் பாதியை
அவன் பக்கம் தள்ளினேன்.

ரசீது வந்தது. பதினெட்டரை டாலர்.
சூப்பைச் சேர்க்கவில்லை.
நான் பார்த்ததை அவன் பார்த்தான்,
அவன் பார்த்ததை நான்.
நான்கு டாலர் என்பது
ஒரு கேன் பால்,
அல்லது அரைவாரம் பேசாமலிருக்க ஒரு காரணம்.

“தம்பி” என்று கூப்பிட்டது
நானா அவனா, இப்போது நினைவில்லை.
பையன் முகம் வெளிறி,
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு,
அழித்து, ஊதி, மறுபடி கூட்டினான்.
சமையலறைத் திரையை விலக்கி
அவன் அம்மா எட்டிப் பார்த்தாள்.
நான்கு நட்சத்திரத்தைத் தின்ற ஆளைப் பார்த்துச் சிரித்து
ஏதோ சொன்னாள்.
“தண்ணி குடிச்சா இன்னும் எரியுமாம்” என்றான் பையன்.
மூன்றாவது டம்ளரைக் கீழே வைத்தான் ஐனோ.

மிச்சம் மூன்றரை டாலரைக்
குப்பிக்கடியில் வைத்தோம்.
உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டான்,
கணக்கு எழுத இன்னும் இடமிருக்கிறதாம்.

வெளியே பனி தொடங்கியிருந்தது.
பாலைப் பற்றி யாரும் பேசவில்லை.
பதினோரு வருஷத்துக் கம்பத்தடியில்
திடீரென்று நின்று,
தொப்பியைக் கழற்றி,
தலையை அண்ணாந்து,
நாற்பத்தாறு வயது ஆள்
நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று விழுந்தது போலிருக்கிறது.
“ஸ்ஸ்” என்கிறான்.