எருமைச் சரிவு

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரைக்கு
நடந்தால் இருபது நிமிடம் என்கிறார்கள்.
நான் நடந்ததில்லை.
என் கணக்கில்
இரண்டு வேகத்தடை, ஒரு மதகு,
எண்ணத் தொடங்கி விட்டுவிட்ட
கைப்பிடிச் சுற்றுகள்.
மூன்று சக்கர வண்டி, அரசு கொடுத்தது.
சங்கிலிக்கு எண்ணெய் நான் விடுகிறேன்.

கிருமாம்பாக்கத்துக்குத் தெற்கே
எல்லைக்கோடு நெளிந்து நெளிந்து
ஒரு வயலைப் பாண்டிக்கும்
அடுத்ததைக் கடலூருக்கும் கொடுத்துவிட்டுப் போகிறது.
நடப்பவர்களுக்கு அது தெரிவதில்லை,
என் முதுகெலும்புக்குத் தெரியும்.
தார் வழுக்கிக்கொண்டு போனால் ஒரு அரசாங்கம்,
ஜல்லி பல்லைக் காட்டினால் இன்னொன்று.
எது எதுவென்று சொல்ல மாட்டேன்:
ஒன்றில் என் ரேஷன் அட்டை
மற்றதில் என் நாத்தனார்.

ஊர்த் தெரு முழுக்க மல்லாட்டை காய்கிறது.
பவுனம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்து
நடுவில் ஒரு கோடு ஒதுக்குகிறாள்.
"ஒத்தக் கோடு பத்தாதுக்கா, எனக்கு மூணு."
"மகாராணிக்கு மூணு ரோடு!"
என்று சொல்லிக்கொண்டே
மூன்றும் கூட்டுகிறாள்.
அப்படியும் பின்சக்கரத்தில் நாலைந்து நொறுங்குகின்றன.
அவள் வேறு பக்கம் பார்க்கிறாள்.

மாரியம்மன் கோயில் தாண்டினால்
மேய்க்கால் புறம்போக்கு.
புறம்போக்கு.
பள்ளியில் என் முதுகுக்குப் பின்னால்தான்
முதன்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டேன்.
பிறகு ஒருநாள் கிராமக் கணக்கில் படித்தேன்,
ஒருவர் பெயரிலும் இல்லாத நிலமாம்,
ஆகவே யாரும் வரலாமாம்.
அன்றிலிருந்து அது எனக்கு வசவில்லை.

வரைபடத்தில் இங்கே வண்டிப்பாதை,
இருபது லிங்க்ஸ் அகலம்.
தரையில் ஒற்றையடி.
தணிகாசலத்தின் சவுக்குத் தோப்பு வேலி
உழவுக்கு ஒரு முழம் நகர்ந்திருக்கிறது.
நகர்ந்ததை ஊரில் யாரும் கவனிக்கவில்லை,
கால் உள்ளவர்கள்
ஒருக்களித்துப் போய்விடுகிறார்கள்.
எனக்கு ஒருக்களிக்க வராது.
என் அகலம் முப்பத்திரண்டு அங்குலம்.
மனுவில் அதைத்தான் எழுதினேன்,
வேறெதுவும் எழுதவில்லை.

சர்வேயர் வந்தார், சங்கிலியை மறந்து வந்தார்.
என் சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்து
சுற்றுக்கு இத்தனை அடியென்று உருட்டினோம்.
தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
"ஒருத்திக்காக ஒரு பாதையா?" என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
அந்தப் பக்கத்திலிருந்து சிவக்கொழுந்து,
"ஒருத்தி எங்க? என் ஆடு நாப்பத்தொண்ணு."
சர்வேயர் அதையும் குறித்துக்கொண்டார்.

உத்தரவு இன்னும் வரவில்லை.
ஆனால் காலை ஆறரைக்கு
வேலிமுள்ளை யாரோ ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள்,
மாலையில் யாரோ திரும்ப வைக்கிறார்கள்.
இரண்டும் ஒரே ஆளோ என்று
எனக்கு ஒரு சந்தேகம்.

அப்புறம் கரை.
ஏற ஏழு படி, சிமென்ட்,
நன்கொடையாளர் பெயர் ஒவ்வொன்றிலும்.
படிக்குப் பத்தடி தள்ளி
எருமைகள் இறங்கி ஏறி அறுத்த சரிவு.
டெண்டர் இல்லை, திறப்பு விழாக் கல் இல்லை.
டேப் வைத்துப் பார்த்தேன்,
ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி ஓட்டம்.
சட்டத்தில் போட்டிருப்பதும் அதேதான்.
எருமைகள் படித்திருக்கின்றன,
தாலுகா அலுவலகம் இன்னும் படிக்கவில்லை.

பாதிச் சரிவில் கை ஓய்ந்துபோகிறது.
பின்சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்து நிற்கிறேன்.
எனக்குப் பின்னால் ஒரு எருமை,
பிடரியில் அதன் மூச்சு வெதுவெதுப்பாக.
ஹாரன் அடிக்கவில்லை, தள்ளிவிடட்டுமா என்று கேட்கவில்லை,
நிற்கிறது, அவ்வளவுதான்.

மேலே ஏறினால்
தண்ணீர் பாதி ஏரிக்குத்தான்.
நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைக்கிறது.
அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்,
உட்காருவது எனக்குக் கைவந்த கலை.

திரும்பும்போது மணி பத்தரை.
மல்லாட்டையைக் கிளறிப் போட்டிருக்கிறார்கள்.
மூன்று கோட்டையும் காணோம்.
மணியடிக்கிறேன்,
உள்ளேயிருந்து துடைப்பம் எடுக்கும் சத்தம்.